ஜலத்தின் குணமும் ஜனங்களின் க்ஷேமமும்

மனிதன் தினந்தோறும் கையாளும் வஸ்துக்களில் ஜலத்தைப் போல் அவனுக்கு நெருக்கமானது வேறொன்றில்லை. அதைப் போல் அவன் விசாரியாமல் ஏற்றுக்கொள்வதும் வேறொன்றில்லை. அரிசியில் கல் கிடந்தால் பொறுக்கி எறிகிறான். பால் திரிந்தால் முகர்ந்து அறிகிறான். நெய்யில் கலப்பு இருந்தால் கடைக்காரனோடு வழக்குக்குப் போகிறான். ஜலம் தெளிவாகவும் ருசியாகவும் இருந்துவிட்டால் மட்டும் அதற்கு மேல் அவன் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இந்த நம்பிக்கைக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு என்பதை ரசாயன சாஸ்திரத்தைக் கொண்டும், வங்க தேசத்து ஜனங்களுக்கு நேர்ந்த ஒரு பெருந்துன்பத்தைக் கொண்டும் இன்று ஆராய விரும்புகிறோம்.

ஜலம் பிரிக்க முடியாத ஒரு பூதம் என்று கீழ்நாட்டாரும் மேல்நாட்டாரும் நெடுங்காலம் எண்ணி வந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் காவண்டிஷும் பிரான்ஸில் லவாய்சியரும் செய்த பரிசோதனைகளால், அது ஹைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி உண்டாகும் வஸ்து என்பது ருஜுவாயிற்று. ஒரு பிராணவாயு அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்ததே ஜலத்தின் மூலக்கூறு. இம்மூன்று அணுக்களும் ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை. சுமார் 104½ பாகைக் கோணமாக வளைந்து நிற்கின்றன. பிராணவாயு, எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் அதிகமாக இழுத்துக்கொள்ளும் சுபாவமுள்ளது. ஆகையால் பிராணவாயுவின் பக்கம் சிறிது எதிர் மின்சாரமும், ஹைட்ரஜன்களின் பக்கம் சிறிது நேர் மின்சாரமும் ஏற்படுகின்றன. மூன்றும் நேர்கோட்டில் நின்றிருந்தால் இரண்டு பக்கத்து இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிப் போயிருக்கும். வளைந்து நிற்பதனால் ஜலத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு முனைகளுள்ள ஒரு சிறு காந்தத்தைப் போல் நடந்துகொள்கிறது. ஜலத்தின் மகிமைகள் யாவும் இந்தச் சிறிய வளைவிலிருந்து பிறந்தவை என்று சொன்னால் மிகையாகாது.

ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் முனை பக்கத்து மூலக்கூறின் பிராணவாயு முனையைப் பற்றிக்கொள்கிறது. சாஸ்திரிகள் இதை ஹைட்ரஜன் பிணைப்பு என்பார்கள். இப்பிணைப்பு பலவீனமானதே, கணத்துக்குக் கணம் அறுந்து மறுபடியும் கூடுவது. ஆயினும் எண்ணிறந்த மூலக்கூறுகள் இவ்விதம் கைகோத்து நிற்பதால் அதன் பலன் அபாரமாயிருக்கிறது. பிராணவாயுவுக்குப் பதிலாகக் கந்தகத்தை வைத்தால் உண்டாகும் ஹைட்ரஜன் ஸல்பைடின் மூலக்கூறு ஜலத்தினுடையதைவிடக் கனமானது. ஆயினும் அது பூஜ்யத்துக்குக் கீழ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகி விடுகிறது. ஜலமோ 100 டிகிரி உஷ்ணம் வரும்வரை கலையாமல் நிற்கிறது. இந்தப் பிணைப்பு இல்லாவிடில் பூமியில் ஸமுத்திரமுமில்லை, நதியுமில்லை. நம் சரீரத்தில் இரத்தமுமில்லை.

இனி, ஜலம் மற்ற வஸ்துக்களோடு எவ்விதம் பழகுகிறது என்று பார்ப்போம். உப்புக் கல்லில் நேர் மின்சாரமுள்ள ஸோடியமும் எதிர் மின்சாரமுள்ள குளோரினும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக் கொண்டிருக்கின்றன. அதை ஜலத்தில் இட்டால், ஜல மூலக்கூறுகள் தம் பிராணவாயு முனையை ஸோடியத்தின் பக்கமும் ஹைட்ரஜன் முனையைக் குளோரினின் பக்கமும் திருப்பிக்கொண்டு சூழ்ந்து நின்று, ஒவ்வொன்றாகப் பிரித்து அழைத்துச் சென்று விடுகின்றன. இதுவே கரைதல் எனப்படுவது. சர்க்கரைக்கு அப்படிப்பட்ட மின்சாரம் இல்லை. ஆயினும் அதன் மூலக்கூறில் பிராணவாயுவும் ஹைட்ரஜனும் இணைந்த கிளைகள் பல இருப்பதால், ஜலம் அக்கிளைகளைப் பற்றிக்கொண்டு அதையும் கரைத்துவிடுகிறது. எண்ணெய்க்கு இவ்விரண்டு யோக்கியதையும் கிடையாது. ஆகையால் ஜல மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே கைகோத்துக்கொண்டு எண்ணெயை ஒதுக்கித் தள்ளுகின்றன. நம் சரீரத்திலுள்ள கோடானுகோடி ஜீவ அணுக்களின் சுவர்கள் கொழுப்பினால் அமைந்து, இரத்தத்தில் கரையாமல் நிற்பதும் இந்த நியாயத்தினாலேயே.

ஆகவே, ஜலம் தான் தொட்ட வஸ்துக்களில் அனேகத்தைத் தன்னோடு கொண்டுபோகும் சுபாவமுடையது. பூமியின் சத்தைப் பயிருக்கும் ஆகாரத்தின் சத்தை இரத்தத்துக்கும் கொண்டு சேர்ப்பது இந்தக் குணமே. ஆனால் இதில் நல்லது கெட்டது என்ற விவேகம் ஜலத்துக்கு இல்லை. உப்பையும் சர்க்கரையையும் கரைக்கும் அதே முறையில் விஷத்தையும் கரைத்து, அதே தெளிவோடு கொண்டுவந்து கொடுக்கும். இது வெறும் ஊகமன்று என்பதற்கு வங்கத்தின் குழாய்க் கிணறுகளே சாக்ஷி.

வங்க தேசத்து ஜனங்கள் முற்காலத்தில் குளங்களிலும் நதிகளிலும் ஜலம் எடுத்துக் குடித்து வந்தார்கள். அதனால் காலராவும் பேதியும் பரவிக் குழந்தைகள் பெருந்தொகையாய் மடிந்தன. இதைத் தடுக்க வேண்டி, 1970-களில் அந்நாட்டுச் சர்க்காரும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி ஸ்தாபனமும் ஊர்தோறும் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். நோக்கம் உத்தமமானது. பூமிக்கடியிலுள்ள ஜலத்தில் கிருமிகள் குறைவு; பார்வைக்கும் பளிங்கு போல் இருந்தது. ஜனங்கள் தாங்களும் செலவு செய்து லக்ஷக்கணக்கில் அடிகுழாய்கள் போட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்த ஜலத்தில் பாஷாணம் உண்டா என்று சோதிக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை.

ஆர்ஸெனிக் எனப்படும் பாஷாணம் அங்கே எப்படி வந்தது? யாரும் கொண்டு வந்து கொட்டவில்லை. ஹிமாலயப் பாறைகள் தேய்ந்து, கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் கொண்டு வந்து சேர்த்த வண்டலில், இரும்புத் துருவின் மேல் ஒட்டிக்கொண்டு அது வந்தது. துரு ஜலத்தில் கரையாது; ஆகையால் அதில் ஒட்டிய பாஷாணமும் அசையாமல் கிடந்தது. ஆனால் வண்டலோடு புதைந்த தாவரப் பொருள்கள் அழுகும்போது, அவற்றைத் தின்னும் கிருமிகள் நிலத்தடியிலுள்ள பிராணவாயுவை முழுவதும் செலவழித்து விடுகின்றன. பிறகு பிராணவாயுவுக்குப் பதிலாகத் துருவிலிருக்கும் இரும்பைக் கொண்டு ஜீவிக்கத் தொடங்குகின்றன. அப்பொழுது துரு உருமாறி ஜலத்தில் கரைகிறது. பாஷாணம் விடுதலை பெறுகிறது. அது பெரும்பாலும் ஆர்ஸெனியஸ் அமிலமாக ஜலத்தில் இருக்கிறது. இந்த அமிலத்தின் மூலக்கூறில் சர்க்கரையில் கண்ட அதே கிளைகள் மூன்று உள்ளன. அவற்றை ஜலம் பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். இதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் விதித்துள்ள அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது, ஒரு கிராமில் லக்ஷத்தில் ஒரு பங்கு. வங்க தேசத்துச் சர்க்கார் வைத்துக்கொண்டுள்ள வரம்பு 50 மைக்ரோகிராம். இதற்கு மேற்பட்ட ஜலத்தைப் பல வருஷங்கள் குடித்தவர்களுக்கு உடம்பில் கருத்த புள்ளிகள் தோன்றுகின்றன. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடிக்கின்றன. பின்னர் தோல், நுரையீரல், மூத்திரப்பை ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாகிறது.

இந்நோயை 1983-ஆம் வருஷத்தில் மேற்கு வங்காளத்து நோயாளிகளிடம் முதலில் கண்டறிந்தவர் கல்கத்தா டிராபிகல் மெடிஸின் கலாசாலையின் டாக்டர் கே. ஸி. ஸாஹா. 1987-க்குள் எல்லைக்கு அப்பாலிருந்தும் நோயாளிகள் அவரிடம் வந்தார்கள். வங்க தேசத்துக் கிணறுகளிலேயே பாஷாணம் இருப்பது ஊர்ஜிதமானது 1993-ல்தான். 2001-ல் வெளியான சர்வே 3,534 கிணறுகளைச் சோதித்து, 50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஜலத்தைக் குடிப்பவர்கள் சுமார் 3½ கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. சரித்திரத்தில் ஒரு ஜனசமூகத்துக்கு நேர்ந்த விஷபாதைகளில் இதுவே மிகப் பெரிது என்று 2000-ஆம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் நிபுணர்கள் எழுதினார்கள்.

இவ்விஷயம் நியாயஸ்தலத்துக்கும் போயிற்று. பிரிட்டிஷ் பூகர்ப்ப சர்வே இலாகா 1992-ல் வங்க தேசத்தின் சில பகுதிகளில் நிலத்தடி ஜலத்தைச் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. மனிதருக்கும் மீன்களுக்கும் அந்த ஜலம் கெடுதலானதா என்று பார்ப்பதும் அச்சோதனையின் நோக்கங்களில் ஒன்று. பல மூலப்பொருள்களை அளந்தவர்கள் பாஷாணத்தை அளக்கவில்லை. நோயுற்ற ஒருவர் அந்த இலாகாவை நடத்தும் கவுன்ஸிலின் மேல் இங்கிலாந்தில் நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்தார். அப்பொழுது உச்ச நியாயஸ்தானமாயிருந்த பிரபுக்கள் சபை 2006-ல் வழக்கைத் தள்ளிவிட்டது. வங்க தேசத்து ஜல விநியோகத்தின் மேல் அந்த இலாகாவுக்கு எவ்வித அதிகாரமும் இல்லை. ஒரு விஷயத்தில் நிபுணர் என்பதனாலேயே அவர் உலகத்தாருக்கெல்லாம் பொறுப்பாளியாகி விடமாட்டார் என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி இத்தீர்ப்பில் பொருள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அதே இலாகா பின்னர் வங்க தேசத்துச் சர்க்காரோடு சேர்ந்து, மேலே சொன்ன சர்வேயை நடத்த உதவியதையும் சொல்லுவதே நியாயம். ஆனால் ஜனங்களின் நிலைமை என்ன? கிணறு வெட்டிக் கொடுத்தவர்கள் கிருமியைப் பார்த்தார்கள். சோதித்தவர்கள் தாம் குறித்துக்கொண்ட வஸ்துக்களைப் பார்த்தார்கள். பாஷாணத்தைப் பார்க்கவேண்டிய கடமை யாருடையதும் அன்று என்று முடிந்தது. சாக்ஷி விசாரிக்கப்படாத விஷயத்தில் குற்றமில்லை என்று எந்த நியாயாதிபதியும் தீர்ப்பு எழுதமாட்டார். அவ்வாறே, ஓர் அறிக்கையில் ஒரு விஷத்தின் பெயர் காணப்படாவிட்டால், அது ஜலத்தில் இல்லை என்று அர்த்தமாகாது. அதைத் தேடவில்லை என்பதும் அர்த்தமாகலாம்.

பரிகாரம் உண்டு; அதுவும் ரசாயனத்திலிருந்தே கிடைக்கிறது. நிலத்தடியில் நடந்ததைத் தலைகீழாக நடத்த வேண்டும். இரும்பைக் காற்றுப் படும்படி துருப்பிடிக்கச் செய்தால், துரு மறுபடியும் பாஷாணத்தைப் பிடித்துக்கொள்கிறது. வங்க தேசத்தில் பிறந்து அமெரிக்காவில் ஆசிரியராயிருந்த அபுல் ஹுஸ்ஸாம் என்ற ரசாயன நிபுணர், இரும்பும் மணலும் கரியும் செங்கல் துண்டுகளும் கொண்டு ஒரு வடிகட்டி அமைத்து, 2007-ல் கிரெயிஞ்சர் பரிசு பெற்றார். கிணறுகளைச் சோதித்து, தகாதவற்றுக்குச் சிவப்பு வர்ணமும் தகுந்தவற்றுக்குப் பச்சை வர்ணமும் பூசினார்கள். சோதிக்கப்பட்ட சுமார் 50 லக்ஷம் கிணறுகளில் ஏறக்குறைய 14 லக்ஷம் சிவப்பாயின. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். காய்ச்சினால் கிருமி சாகும், பாஷாணம் போகாது. ஜலம் ஆவியாகிக் குறையக் குறைய விஷத்தின் செறிவு கூடவே செய்யும்.

இதெல்லாம் தூர தேசத்துக் கதை என்று தமிழ்நாட்டார் இருந்துவிடலாகாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் நிலத்தடி ஜலம் பாறைகளிலிருந்து புளோரைடைக் கரைத்துக் கொண்டு வருகிறது. அளவுக்கு மிஞ்சி அதைக் குடித்தவர்களின் பற்கள் பழுப்பேறின. சிலருக்கு எலும்பும் வளைந்தது. அது காரணமாகவே காவேரி ஜலத்தை அங்கே கொண்டு செல்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டது. பாறை வேறு, விஷம் வேறு. கரைக்கும் குணம் ஒன்றே.

ஆகையால் ஊர் நன்மையில் சிரத்தையுள்ள ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பொதுக் கிணற்றைப் பற்றி மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த ஜலம் எப்பொழுது சோதிக்கப்பட்டது? எந்தெந்த வஸ்துக்களுக்காகச் சோதிக்கப்பட்டது? சோதனையின் முடிவு ஊரார் வாசிக்கும்படி எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது? இம்மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை பஞ்சாயத்தையும் சர்க்காரையும் விடலாகாது. ஜலம் தான் எதைச் சுமந்து வருகிறது என்று வாய்திறந்து சொல்லாது. அதற்காகக் கேட்க வேண்டியவர்கள் அதைக் குடிப்பவர்களே.