இணையத் தொலைபேசியில் நம் குரல்



பட்டணத்திலிருந்து மகள் அழைத்து, "அம்மா, அப்பாவுக்கு அந்த மாத்திரை அரை போதும்" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்து வீட்டிலுள்ள தாயின் காதில் அது "ஆறு போதும்" என்று விழுந்தால் என்னவாகும்? குரல் தெளிவாகக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

இணையத்தில் நம் குரல் குரலாகவே செல்வதில்லை. அது எண்களாக மாறி, சிறு சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. பெரும்பாலும் நொடிக்கு 50 பொட்டலங்கள். குரலை எண்ணாக்கிச் சுருக்கி, மறுமுனையில் மீண்டும் குரலாக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர்.

பால்மரம் வெட்டியோருக்கு இது எளிதில் விளங்கும். பாலை அப்படியே லாரியில் ஏற்றினால் கனம் அதிகம். அதில் பெரும்பகுதி நீர். உறையவைத்து, அழுத்தி, தகடாக்கிக் காயவைத்தால் கனம் குறையும். கோடெக்குகளிலும் இவ்விரு வகை உண்டு.

ஜி.711 என்பது 1972-இல் வகுக்கப்பட்டது. இது குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, 64,000 பிட்டுகளாக அனுப்புகிறது. பிட் என்பது கணினிக் கணக்கின் மிகச் சிறிய அலகு. 1996-இல் வந்த ஜி.729 அதே குரலை 8,000 பிட்டுகளில் அடக்குகிறது. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி எழுத வேண்டுமல்லவா? அதற்கு மட்டும் நொடிக்கு 16,000 பிட்டுகள் ஆகின்றன. ஆக, முன்னதற்கு 80,000, பின்னதற்கு 24,000. பின்னதில் சரக்கைவிடச் சாக்கே கனம்! மேலும், ஜி.729 மனிதப் பேச்சுக்கென்றே அமைந்தது; இசையை அது சிதைத்துவிடும்.

மூன்றாவது ஓபஸ். 2012-இல் வெளிவந்தது, உரிமைக் கட்டணம் இல்லை. இணைப்பு மெலிந்தால் நொடிக்கு 6,000 பிட் வரை இறங்கும், வலுத்தால் ஏறும். ஒரு பொட்டலம் வழியில் தொலைந்துபோனால் ஈடுசெய்ய, அதன் சுருக்கப் பிரதியை அடுத்த பொட்டலத்தில் வைத்தனுப்பும் வசதியும் இதில் உண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது? நல்ல கம்பி இணைப்புள்ள அலுவலகத்துக்கு ஜி.711 போதும். இணைப்பு ஏறி இறங்கும் இடத்துக்கு ஓபஸ் சிறந்தது. ஓபஸ் இல்லாத பழைய கருவியானால் ஜி.729 கைகொடுக்கும். ஆனால் இரு முனைகளும் ஒரே கோடெக்கை அறிந்திருக்க வேண்டும். நடுவழியில் ஒன்றை மற்றொன்றாக மாற்றினால் தெளிவு குறையும்.

கைத்தொலைபேசிச் செயலிகள் இத்தேர்வைத் தாமே செய்துகொள்கின்றன. எனினும் வாட்ஸ்அப்பின் அமைப்புப் பகுதியில், அழைப்புகளுக்குக் குறைந்த தரவைப் பயன்படுத்தும் தெரிவு இருக்கிறது. தரவு குறைவாக உள்ளோர் அதைத் திறந்து வைக்கலாம்.

அலையே எட்டாத இடத்தில் எந்தக் கோடெக்கும் உதவாது; வீட்டைவிட்டு வெளியே வந்து பேசிப் பாருங்கள். மருந்தின் அளவு, பணத்தொகை, தேதி ஆகியவற்றைக் கேட்டவுடன் திருப்பிச் சொல்லுங்கள். "அரை" என்பதைப் "பாதி மாத்திரை" என்று சொல்லுங்கள். எழுத்திலும் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். பொட்டலம் தொலைந்தாலும் பொருள் தொலையாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.