காற்று வேண்டும், உப்பு வேண்டாம்

1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. நூறாண்டுக்கு மேல் புயலையும் அலையையும் தாங்கி நின்ற இரும்பை உப்புக்காற்று தளரச் செய்திருந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருவேறா எஃகுக் கம்பிகளும், அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் இடம்பெற்றிருக்கின்றன. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் நிலையம் அமைத்ததற்கும் இக்கடற்கரையின் இயல்பே காரணம்.

பாலத்துக்கு இவ்வளவு கவனம் செலுத்தும் நாம், அதே காற்றை நாள் முழுவதும் தனக்குள் இழுத்துக்கொண்டிருக்கும் மேசைக் கணினியைப் பற்றி எண்ணுவதில்லை. ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும் இ-சேவை மையம், நகலெடுக்கும் கடை, ஒளிப்பட நிலையம் ஆகியவற்றை நடத்துவோருக்குக் கணினிதான் பிழைப்பு. மதர்போர்டில் பச்சை படிந்து இயந்திரம் நின்றுவிட்டால், துருவினால் வந்த பழுது உத்தரவாதத்தில் சேராது என்ற பதிலையே பெரும்பாலும் கேட்க வேண்டியிருக்கும். இந்தச் சேதத்தில் பெரும்பங்கு, கணினியைக் காப்பதற்கென்று நாம் வாங்கிப் பொருத்தும் விசிறியின் வழியாகவே நுழைகிறது என்பதுதான் வேடிக்கை.

விசிறி வாங்கச் செல்பவரிடம் கடைக்காரர் காட்டுவது அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஓர் எண்ணை. நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பதே அது, 'சிஎஃப்எம்' என்பார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்ல விசிறி என்று நாமும் நம்பிவிடுகிறோம். பொருளியல் மாணவர்களுக்கு முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் 'குறைந்து செல் விளைவு விதி'யை இங்கே பொருத்திப் பார்க்கலாம். 300 வாட் வெப்பத்தை வெளியிடும் கணினிப் பெட்டி ஒன்றின் வழியே நிமிடத்துக்கு 50 கன அடி காற்று சென்றால், உள்ளே நுழையும் காற்றைவிட வெளியேறும் காற்று சுமார் 11 டிகிரி செல்சியஸ் சூடாக இருக்கும். காற்றை 100 கன அடியாக உயர்த்தினால் அந்த வேறுபாடு ஐந்தரை டிகிரியாகக் குறையும். 200 கன அடியாக்கினால் மூன்று டிகிரிக்கும் கீழே வரும். முதல் இரட்டிப்பில் ஐந்தரை டிகிரி ஆதாயம். அடுத்த இரட்டிப்பில் அதில் பாதிதான். எத்தனை விசிறி வைத்தாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே பெட்டி குளிரப்போவதில்லை.

அலுவலக வேலைக்கான சாதாரணக் கணினிக்கு 100 வாட் என்று கணக்கிடுவதே தாராளம். அதற்கு 25 கன அடி காற்றே போதும். வெப்ப வேறுபாடு ஏறத்தாழ 7 டிகிரிதான். இன்றைய செயலிகள் 95 அல்லது 100 டிகிரியை நெருங்கும்போதுதான் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. கடும் வேலையின்போது 70 டிகிரியைக் காட்டும் செயலியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஆதாயம் இப்படிச் சுருங்கும்போது செலவு பெருகுகிறது. ஓசைதான் அதில் முதலில் தெரிவது. ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் தன் இரு விசிறிகளுக்கு வெளியிட்டிருக்கும் அளவுகளை ஒப்பிடலாம். இரண்டும் 120 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழலும் ஒன்று 60 கன அடி காற்றை 22.6 டெசிபல் ஓசையில் தருகிறது. 3,000 சுற்று சுழலும் தொழிற்சாலை வகை விசிறி 110 கன அடியை 43.5 டெசிபலில் தருகிறது. டெசிபல் என்பது மடக்கை அளவை. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஓசை இரு மடங்காகத் தோன்றும். ஆகவே காற்று இரு மடங்குகூட ஆகாத நிலையில் இரைச்சல் நான்கு மடங்காகிவிட்டது. பிள்ளைகள் படிக்கும் அறையிலோ, முதியவர்கள் தணிந்த குரலில் தம் ஓய்வூதிய விவரத்தைச் சொல்லும் இ-சேவை மையத்திலோ இது சிறிய தொல்லையன்று.

விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும்; ஓசையோ ஏறத்தாழ 5 டெசிபல் தணியும். அதே அமைப்பில் 120-க்குப் பதில் 140 மில்லிமீட்டர் விசிறியைத் தேர்ந்தால், முன்பிருந்த வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவான வேகத்திலேயே அதே அளவு காற்று கிடைக்கும். பெட்டியில் இடமிருக்குமானால் பெரிய விசிறியை மெதுவாகச் சுழலவிடுவதே சிக்கனம். இதற்கு நான்கு ஊசி இணைப்புள்ள விசிறியை வாங்க வேண்டும். வெப்பத்துக்கேற்ப அதன் வேகத்தை மதர்போர்டே ஏற்றி இறக்கும்.

இதுவரை சொன்னவை மதுரைக்கும் பொருந்தும். ராமநாதபுரம் கடற்கரைக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது உப்பின் கணக்கு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியும். (வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளருக்கு இதை நாம் கற்பிக்க வேண்டியதில்லை.) அந்த உப்பு மதர்போர்டின் மீது மெல்லிய படலமாகப் படிந்து ஈரம் கோத்தால், மின்சாரம் செல்லக் கூடாத இடங்களில் கசிகிறது; செம்பும் வெள்ளீயப் பற்றும் அரிக்கப்படுகின்றன.

ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று பெட்டிக்குள் 37 டிகிரிக்குச் சூடானால், அதன் ஈரப்பதம் சுமார் 54 விழுக்காடாக இறங்கிவிடும். மிதமான வெப்பமே உள்ளிருக்கும் பாகங்களை உலர்வாக வைத்திருக்கிறது. தேவைக்கு மேல் காற்றைத் திணித்தால் அந்த உலர்வும் போகிறது. உள்ளே வரும் உப்பின் அளவும் ஏறுகிறது. உள்நாட்டில் வெறும் வீணாக முடியும் மிகைக்காற்று, இங்கே கேடாகவே முடியும்.

ஆகவே நம் பகுதியில் விசிறியையும் தூசு வடிகட்டியையும் சேர்த்தே வாங்க வேண்டும். அட்டையில் காணும் கன அடி, எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது அளந்தது. வலையும் வடிகட்டியும் குறுக்கே வந்ததும் அது வெகுவாகக் குறையும். அத்தடையைக் கடந்து காற்றைத் தள்ளும் திறனை நிலை அழுத்தம் என்பர். மில்லிமீட்டர் நீர் என்ற அளவில் அது குறிக்கப்பட்டிருக்கும். முன்பக்கத்தில் வடிகட்டிக்குப் பின்னால் பொருத்தும் விசிறிக்கு அந்த எண்ணே முக்கியம். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று என்று வைத்தால் உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று மிகுந்திருக்கும். அப்போது பெட்டியின் இடுக்குகள் வழியே காற்று வெளியேறுமேயன்றி வடிகட்டாத காற்று உள்ளே புகாது. மிக நுண்ணிய உப்புத்துளிகள் வலையைத் தாண்டத்தான் செய்யும். ஆயினும் உப்பைச் சுமந்து வரும் மணலும் தூசும் பெரும்பாலும் தடுக்கப்படும்.

பேரிங் வகையையும் கேட்டு வாங்க வேண்டும். மலிவான ஸ்லீவ் பேரிங்கில் எண்ணெய் வெப்பத்தில் வற்றி, விசிறி முனகத் தொடங்கும். பால் பேரிங் நெடுநாள் உழைக்கும், ஆனால் ஓசை சற்று மிகுதி. திரவ அழுத்த வகை அமைதியானது, ஆயுளும் நீண்டது; கூடுதல் விலை கொடுக்கத் தகுந்த இடம் இதுவே. வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மொத்தமாகக் கணினி வாங்குவோர், கடலோர மாவட்டங்களுக்கான விவரக்குறிப்பில் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டியையும் நல்ல பேரிங் கொண்ட விசிறியையும் ஒரு வரியில் சேர்த்துவிடலாம். பராமரிப்பு அதிகமில்லை. கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிரே பெட்டியை வைக்காமல், தரையிலிருந்து உயர்த்தி உட்சுவரோரம் வைக்க வேண்டும். வடிகட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, முழுவதும் உலர்ந்த பின்பே மாட்ட வேண்டும். ப்ளோயரால் தூசு ஊதும்போது மின் இணைப்பைத் துண்டித்து, விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று பேரிங் கெடும். வாடைக்காற்று வீசும் மழை மாதங்களில் பள்ளிக்குத் தொடர் விடுமுறை விட்டாலும், கணினிகளை நாளும் ஒரு மணி நேரமாவது இயக்கி வைக்க ஒருவரை ஏற்பாடு செய்வது நல்லது.