3 தவணை சொட்டு மருந்து போட்டும் போலியோ வந்தது ஏன்? விடை கண்டுபிடித்த வேலூர் டாக்டர்!

சொட்டு மருந்து கொடுத்தாச்சு, இனி பயமில்லை. ஒரு காலத்தில் பெற்றோர் மட்டுமல்ல, டாக்டர்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் மூன்று தவணையும் ஒழுங்காகப் போட்ட குழந்தைகள் சிலரையும் போலியோ தாக்கியது. எங்கே தப்பு?

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் சொல்லும் இடம் வேலூர் சிஎம்சி. அங்கே குழந்தைகள் மருத்துவராக இருந்தவர் டி.ஜேக்கப் ஜான். நோயாளிக்கு வந்திருப்பது என்ன வைரஸ் என்று சோதித்துச் சொல்லும் ஆய்வகத்தை 1967-ல் அங்கு தொடங்கினார். இந்தியாவில் அப்படி ஒன்று அதுதான் முதல்.

மருந்து வெயிலில் கெட்டுப்போயிருக்கும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் வீரியம் குறையாத மருந்து கொடுத்தும் பல குழந்தைகளின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உருவாகவில்லை. குறிப்பாக போலியோவின் 1, 3 ஆகிய வகைகளுக்கு. குடலில் இருக்கும் மற்ற வைரஸ்கள் தடுக்கின்றனவா என்றும் பார்த்தார்கள். அதுவும் காரணமில்லை. இதெல்லாம் 1972-லேயே ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வைரஸ் தனியாக வளராது, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். அதனால் கண்ணாடிக் குழாயில் செல்களை வளர்ப்பார்கள். குழந்தையின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரையும் போலியோ வைரஸையும் கலந்து அதில் விடுவார்கள். செல்கள் பிழைத்தால் எதிர்ப்புச் சக்தி இருக்கு. செத்தால் இல்லை. அவ்வளவுதான்!

உலகம் முழுக்க இந்த வேலைக்குக் குரங்கின் சிறுநீரகச் செல்களோடு, புற்றுநோய்ச் செல்களும் பயன்பட்டன. 1951-ல் ஹென்ரியேட்டா லேக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்த 'ஹீலா' செல்கள்தான் அதில் பிரபலம். அவரிடம் அனுமதி கேட்காமலே எடுத்தார்கள் என்பது தனிக் கதை.

சரி, தீர்வு என்ன? மூன்று தவணை போதாது, ஐந்தாவது வேணும் என்றார் ஜேக்கப் ஜான். ஐந்து தவணை கொடுத்துப் பார்த்த ஆய்வை 1976-ல் வெளியிட்டார். ஒரே சமயத்தில் ஊரில் உள்ள குழந்தைகள் எல்லோருக்கும் மருந்து கொடுக்கும் முறையும் வேலூரில் சோதிக்கப்பட்டது. நாடு முழுக்க பல்ஸ் போலியோ முகாம் வந்தது 1995-ல்தான். சொல்லி இத்தனை வருஷம் கழித்து!

இடையில் 1986-ல் இன்னொரு திருப்பம். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகள் இதே வேலூர் ஆய்வகத்துக்குத்தான் வந்தன. அதில் ஆறு பேருக்கு எச்ஐவி. இந்தியாவில் அந்த வைரஸ் இருப்பது முதன்முதலில் தெரிந்தது அப்போதுதான்.

சொட்டு மருந்தோடு ஊசியும் வேண்டும் என்பது ஜேக்கப் ஜானின் இன்னொரு வாதம். சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைத்த, உயிருள்ள வைரஸ். மிக அரிதாக அதுவே கால்களை முடக்கிவிடும். ஊசியில் அந்த ஆபத்து இல்லை. இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011-ல் மேற்கு வங்கத்தில் பதிவானார். 2014-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. 2015-ல் ஊசியும் சேர்ந்தது.

உங்கள் வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். பிறந்தவுடன், 6, 10, 14-வது வாரங்களில், பிறகு ஒன்றரை வயதை ஒட்டி ஒன்று. சொட்டு மருந்து மட்டும் ஐந்து தவணை.