அடிபட்ட கல்லும் சாட்சி சொல்லும்

பிள்ளைகளை றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால், டைனோசர் எலும்புகளுக்கு முன்னால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "ஆறரைக் கோடி வருஷம் எண்டு எப்பிடித் தெரியும், அப்பா?"

சிர்கோன் என்ற நுண்ணிய மணிக்குள் இருக்கும் யுரேனியம் மெல்லமெல்ல ஈயமாக மாறும். இரண்டையும் அளந்தால் வயது தெரியும். ஆனால் மணி நசுங்கினால், வெடித்தால் ஈயம் கசியும். வயது குறைவாகக் காட்டும். "அப்ப எல்லாக் கணக்கும் பிழைதானே?" என்று கேட்பவர்களும் உண்டு.

இல்லை. ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு. யுரேனியம் 235க்கு 70 கோடி. ஈயம் இடையில் கசிந்திருந்தால் இரண்டும் வேறுவேறு வயது சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடும்.

1993இல் இதே அருங்காட்சியகத்தின் டொம் குரோக், சாண்ட்ரா காமோ உள்ளிட்ட குழுவினர், மெக்சிகோவின் சிக்சுலுப் பள்ளத்திலும் ஹெயிட்டியிலும் எடுத்த, விண்கல் மோதலில் சிதைந்த மணிகளை ஒவ்வொன்றாக அளந்தார்கள். அளவுகளை வரைபடத்தில் போட்டபோது பல மணிகள் ஒரே கோட்டில் விழுந்தன. கோட்டின் ஒரு முனை அவை பிறந்த காலம்: சுமார் 54 கோடி ஆண்டுக்கு முன். மறுமுனை அடிபட்ட காலம்: ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுக்கு முன். கூடச் சிதைந்த மணிகள் இந்த முனைக்குக் கிட்ட நின்றன.

சிதைவை அவர்கள் மறைக்கவில்லை, அதையே சாட்சியாக்கினார்கள். தன் பிழையைத் தானே பிடிக்கும் கணக்கைத்தான் நம்பலாம். பிள்ளைக்குச் சொல்லவேண்டிய பதிலும் அதுதான்.