பிள்ளையின் வயலினும் பெற்றோரின் செவியும்

இசைக் கருவிகளுள் செவியை முற்றாக நம்பி வாசிக்கப்படுவது வயலின். வீணைக்கு மெட்டுக்கள் உண்டு. விரல் வைத்த இடத்தில் இன்ன சுரம் பிறக்கும் என்பதை அவை உறுதிசெய்யும். ஆர்மோனியத்துக்குக் கட்டைகள் உண்டு. வயலினின் விரற்பலகையிலோ யாதோர் அடையாளமும் இல்லை. நெல்லளவு விரல் விலகினும் சுரம் பிழைத்துவிடும். பிழைத்தமையை உணர்த்துவது செவி ஒன்றே. ஆயின் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அத்தகைய செவி இன்னும் அமையவில்லை. எனின், அப்பிள்ளை இக்கருவியை எங்ஙனம் கற்பது? இவ்வினாவின் விடையிற் பாதி ஆசிரியரிடத்தும் மற்றைப் பாதி பெற்றோரிடத்தும் உள்ளது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாட்டிலிருந்து வந்த இக்கருவியைக் கருநாடக இசைக்கு உரியதாக்கியவர்களுள் முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதரும் (1786–1858), தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் முதன்மையானவர்கள். மேனாட்டார் நின்றோ நாற்காலியில் இருந்தோ வாசிப்பர். நம்மவர் தரையிற் சம்மணமிட்டு, கருவியின் தலையை வலப் பாதத்தின்மீது தாங்கி, ச ப ச ப எனத் தந்திகளைச் சுருதி கூட்டி வாசிப்பர். இவ்வாறு கருவி நமதாயிற்று. அதனைச் சிறாருக்குக் கற்பிக்கும் முறையும் தொடக்கத்தில் இல்லத்தினுள்ளேயே வளர்ந்தது.

இதற்குச் சான்றுகள் பல. லால்குடி ஜெயராமனுக்கு (1930–2013) ஆசிரியர் தந்தை கோபால ஐயர். எம். எஸ். கோபாலகிருஷ்ணனுக்கு (1931–2013) ஆசிரியர் தந்தை பரூர் சுந்தரம் ஐயர். டி. என். கிருஷ்ணன் தம் தந்தை நாராயண ஐயரிடமே முதலிற் பயின்றார். நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராகப் பணியாற்றிய வி. லட்சுமிநாராயண ஐயர் தம் மைந்தர் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகிய மூவரையும் வயலின் வல்லுநராக்கினார். தாயார் சீதாலட்சுமியும் இசை வல்லவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அக்குடும்பம் சென்னை சென்றது. அவர்கள் இல்லத்துப் பயிற்சியோ இடம் பெயர்ந்தும் அறுபடவில்லை.

“அவை இசைவாணர் குடும்பங்கள், சுரம் அறியாத எம் வீட்டில் அது நடக்குமோ?” என்பார் உளர். இத்தடைக்குத் தக்க விடை யப்பானிலிருந்து கிடைக்கின்றது. வயலின் செய்யும் தொழிற்சாலை நடாத்திய ஒருவரின் மகனாக நாகோயா நகரிற் பிறந்த சினிச்சி சுசூக்கி (1898–1998) பேர்லினில் வயலின் பயின்று மீண்டவர். யப்பானியக் குழந்தை எதுவாயினும் யப்பானிய மொழியைத் தடையின்றிப் பேசுகிறதே, அஃது எவ்வாறு என்று அவர் சிந்தித்தார். தாயின் சொல்லை நாள்தோறும் கேட்டலும், கேட்டதைத் திரும்பத் திரும்பச் சொல்லலும், தவறினும் ஊக்கப்படுதலுமே காரணம் எனத் தெளிந்தார். அவ்வழியே இசையையும் கற்பிக்கலாம் என்று கொண்டு, 1946இல் மத்சுமோத்தோ நகரிற் பணி தொடங்கினார். பெற்றோர் பாடவேளையில் உடனிருத்தலும், தாய் முதலில் ஒரு சிறு பாட்டை வாசிக்கக் கற்றலும், பயிலவிருக்கும் பாட்டைப் பிள்ளை வீட்டில் நாளும் கேட்டலும் அவர் முறையின் அங்கங்கள். பெற்றோர் வித்துவானாக இருத்தல் வேண்டும் என அவர் கேட்கவில்லை. பிள்ளையோடு தொடங்குதல் வேண்டும் என்றே கேட்டார்.

இம்முறை நம் கரையோரத்துக்கு அந்நியமன்று. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களின் முஸ்லிம் இல்லங்களில், மஃரிபுத் தொழுகைக்குப் பின் பிள்ளை திருக்குர்ஆனை ஓத, தாயோ தந்தையோ அருகிருந்து செவிமடுத்து உச்சரிப்பைத் திருத்துவதைக் காண்கிறோம். அவ்வேளையிலே சைவ இல்லங்களில் விளக்கேற்றித் தேவாரம் பாடும் பிள்ளையோடு பாட்டி சேர்ந்து பாடுகிறார். ஓதுதலும் இசைக் கருவி பயிலுதலும் வேறு வேறு துறைகள். எனினும் கேட்டுக் கற்றலும், கேட்பவர் அருகிருத்தலும் இரண்டுக்கும் பொது. யாழ் நூலை 1947இல் வெளியிட்ட சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவும் இக்கரையிலேயே உள்ளது. இவ்வழக்கமுடைய மக்கள் வயலின் வகுப்பில் மட்டும் பிள்ளையை வாயிலில் இறக்கிவிட்டு மீள்வது ஏன்?

கணக்கு எளிது. ஆசிரியர் பிள்ளையைக் காண்பது வாரத்தில் ஒரு நாள். எஞ்சிய ஆறு நாளும் கருவி வீட்டில் உள்ளது. அவ்வாறு நாளிற் படியும் தவறான பழக்கத்தை ஒரு மணி நேரத்தில் நீக்குதல் ஆசிரியருக்கு இயலாது. பாடசாலையில் அழகியற் பாடத் தெரிவு ஆறாந் தரத்திலேயே வருகிறது. அதற்கு முந்திய ஆண்டுகள் இல்லத்துக்கே உரியன.

பெற்றோர் செய்யத்தக்கன யாவை? முதலாவது, சுருதி. சிறு விரல்களாற் பிருடையைத் திருகிச் சுருதி கூட்டல் இயலாது. கடற்காற்றின் ஈரத்திற் பிருடைகள் இறுகுவதும் உண்டு. ஆதலின் சுருதி கூட்டப் பெற்றோர் ஆசிரியரிடம் பழகிக்கொள்ளல் நன்று. தம்புராவின் ஒலியை இன்று கைபேசியே தருகின்றது. இரண்டாவது, கருவியின் அளவு. சிறாருக்கெனக் கால், அரை, முக்கால் என்னும் அளவுகளில் வயலின்கள் உண்டு. வளரும் பிள்ளைதானே எனப் பெரிய கருவியை வாங்கிக் கொடுத்தல் கையைக் கெடுக்கும். மூன்றாவது, வில். குதிரைக்கும் விரற்பலகைக்கும் இடையே, குதிரைக்கு இணையாக வில் செல்கின்றதா என்பதைக் காணச் சங்கீத ஞானம் வேண்டியதில்லை, கண் போதும். நான்காவது, தாளம். வாய்ப்பாட்டுப் பயிலும் பிள்ளை தன் கையாலே தாளம் போடும். வயலின் பயிலும் பிள்ளைக்கோ இரு கைகளுக்கும் வேலை உண்டு. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைப் போடப் பிறிதொரு கை வேண்டும். மாயாமாளவகௌளையிற் சரளி வரிசையைப் பிள்ளையோடு முதலில் வாயாற் பாடி, பின் வாசிக்கச் செய்தலும் செவியை விரைவில் அமைக்கும்.

இங்கே எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். அருகிருத்தல் வேறு, அதட்டல் வேறு. பெற்றோர் இரண்டாம் ஆசிரியராகிப் பிழை ஒவ்வொன்றையும் கண்டித்தால், பிள்ளை வயலினைக் காணுந்தோறும் அஞ்சும். ஐந்து வயதினர்க்குப் பத்து நிமிடம் போதும். அது நாள் தவறாது நிகழ்தலே வேண்டுவது. சான்றிதழை மட்டும் நோக்கிப் பரீட்சை உருப்படிகளை மனனஞ் செய்வித்தலும் தகாது. அவ்வாறு பயின்றவர் பலர் பரீட்சை முடிந்த மறுநாளே கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிடுகின்றனர்.

பிள்ளைகள் பலர் “எனக்குச் சங்கீதம் வராது” என்று கூறி விலகுவதை ஆசிரியராகிய நாம் அறிவோம். அவருட் பெரும்பாலார்க்கு வராதது சங்கீதமன்று. வீட்டிற் கேட்க ஒருவரும் வராமையே குறை. பத்து வயதில் தன்னைப் பற்றி ஒரு பிள்ளை கொள்ளும் இத்தீர்ப்பு வாழ்நாள் முழுவதும் நிலைப்பது. அதனை மாற்றப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நாள்தோறும் பத்து நிமிடமும், பிள்ளையின் அருகே ஒரு பாயும் போதியன.