துப்பாக்கி வீட்டில், பாடம் வகுப்பறையில்

அட்லாண்டாவில் மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு அறையைத் தயார் செய்தார்கள். அதன் சுவரில் ஒரு கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அது வெறும் கண்ணாடிதான். மறுபுறம் நிற்கும் ஆய்வாளர்களுக்கு அதுவே சன்னல். அறையில் இருந்த இழுப்பறைகளில் இரண்டு நீர்த்துப்பாக்கிகளை மறைத்து வைத்தார்கள். வேறோர் இழுப்பறையில் நிஜமான .380 காலிபர் கைத்துப்பாக்கி ஒன்று. அதில் தோட்டா கிடையாது. சுடுவதற்குத் தேவையான பலத்தோடு விசையை இழுத்தால் ஒரு விளக்கு எரியும்படி, உள்ளே ஒரு சின்ன ரேடியோ கருவியை மட்டும் பொருத்தியிருந்தார்கள். பெற்றோரின் சம்மதத்தோடு 8 முதல் 12 வயது வரையுள்ள பையன்களை இரண்டு மூன்று பேராக உள்ளே விட்டு, கால் மணி நேரம் வரை கவனித்தார்கள்.

மொத்தம் 29 குழுக்கள். அவற்றில் 21 குழுக்கள் துப்பாக்கியைக் கண்டுபிடித்தன. 16 குழுக்களில் அதைக் கையில் எடுத்தார்கள். 10 குழுக்களில் யாரோ ஒருவன் விசையை இழுக்க, விளக்கு எரிந்தது. 2001-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான இந்த ஆய்வில் இதைவிட உறுத்தும் விவரம் ஒன்று உண்டு. துப்பாக்கியைத் தொட்ட, விசையை இழுத்த பையன்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்கள், தங்களுக்கு ஏற்கெனவே ஏதோ ஒருவகையில் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள்.

இப்போது அமெரிக்காவில் அந்தப் பாடம் சட்டமாகியிருக்கிறது. டென்னசி, ஆர்கன்சா, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்கள், அரசுப் பள்ளிகளில் ஐந்து வயதிலிருந்தே துப்பாக்கிப் பாதுகாப்பு கற்பிக்க வேண்டும் என்று விதித்துள்ளன. பெற்றோர் விரும்பினால் பிள்ளையை விலக்கிக்கொள்ள யூட்டா மட்டும் இடம் தருகிறது. 2025-26 கல்வியாண்டில் டென்னசி வகுப்புகளுக்குள் நுழைந்த பாடத்தில் நிஜத் துப்பாக்கியோ தோட்டாவோ இருக்கக் கூடாது. அரசியல் சாய்வும் கூடாது. கண்ட துப்பாக்கியைத் தொடாதே, உடனே பெரியவரிடம் சொல். சாரம் இவ்வளவுதான்.

இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அந்த நாட்டில் துப்பாக்கி என்ற சொல் வந்தாலே பேச்சு 1791-க்குப் போய்விடும். அந்த ஆண்டில்தான் அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை பறிக்கப்படலாகாது என்கிற அந்த ஒற்றை வாக்கியத்தின் முற்பாதி, ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படையைப் பற்றிப் பேசுகிறது. அப்படியானால் உரிமை படைக்கா, தனிமனிதனுக்கா? இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் நேரான பதில் சொல்ல 2008 வரை ஆனது. டிக் ஹெல்லர் என்ற பாதுகாவலர் தலைநகர் வாஷிங்டன் நிர்வாகத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பில், இன்றைய குழந்தைகள் விவாதத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு பகுதி இருக்கிறது. வாஷிங்டன் நகரச் சட்டம் கைத்துப்பாக்கியைத் தடை செய்ததோடு நிற்கவில்லை. வீட்டிலுள்ள எந்தத் துப்பாக்கியையும் கழற்றியோ, விசைப்பூட்டு போட்டோதான் வைத்திருக்க வேண்டும் என்றது. திருடன் உள்ளே வந்த பிறகு பூட்டைத் திறந்துகொண்டிருக்க முடியுமா என்ற வாதத்தை ஏற்று, அந்த விதியையும் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அதே தீர்ப்பில், விபத்தைத் தடுப்பதற்காகத் துப்பாக்கியைப் பத்திரமாக வைக்கச் சொல்லும் சட்டங்கள் இதனால் செல்லாமல் போய்விடாது என்றும் நீதிபதி ஸ்காலியா எழுதிவைத்தார். முதல் பாதியை ஒரு தரப்பும் பிற்பாதியை மறு தரப்பும் மேற்கோள் காட்டி வருகின்றன.

உரிமைத் தரப்பை வெறும் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. பென்சில்வேனியாவின் பல ஊர்களில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும்போது பள்ளிகளுக்கு விடுமுறை விடுவது நெடுநாள் வழக்கம். தாத்தாவோடு விடியலில் காட்டுக்குப் போய்ப் பழகிய பிள்ளைக்குத் துப்பாக்கி மர்மப் பொருளல்ல. குழலை எந்நேரமும் ஆளில்லாத திசையில் வை, சுடும் நொடி வரை விசையில் விரல் வைக்காதே, எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினை என்பவை அங்கே வாய்ப்பாடு போல வந்துவிடும். 1949-இல் நியூயார்க் மாநிலம் இளம் வேட்டைக்காரர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது; பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. ஒளித்து வைப்பதால்தான் ஆவல் பெருகுகிறது, பழக்கிவிட்டால் போய்விடும் என்பது இவர்கள் வாதம்.

அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் வேட்டைப் பயிற்சியில் பிள்ளையின் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்கிறார். அட்லாண்டா அறையில் யாரும் இல்லை.

பெரியவர் இல்லாத அந்த நிமிடத்துக்காக உருவானதுதான் 'எடி ஈகிள்' என்ற கார்ட்டூன் கழுகு. தேசிய ரைஃபிள் சங்கம், அதாவது என்.ஆர்.ஏ., 1988-இல் இதைக் கொண்டுவந்தது. உருவாக்கியவர் மேரியன் ஹாமர், பின்னாளில் அச்சங்கத்தின் முதல் பெண் தலைவர். நில், தொடாதே, ஓடிப்போ, பெரியவரிடம் சொல் என்று கழுகு பாடும். குழந்தைகள் கூடச் சொல்வார்கள். மூன்று கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இது சென்றிருப்பதாக என்.ஆர்.ஏ. கணக்கு சொல்கிறது. எதிர்த்தரப்புக்கு இதில் எரிச்சல் வேறுவிதம். பிள்ளைகளை ஈர்ப்பதாகக் கடும் கண்டனத்துக்கு ஆளான 'ஜோ கேமல்' என்ற சிகரெட் ஒட்டகத்தோடு ஒப்பிட்டு, இது சிறகு முளைத்த ஜோ கேமல் என்று 1997-இல் ஓர் அமைப்பு அறிக்கை வெளியிட்டது.

விளம்பரமா பாடமா என்பதைவிட, பாடம் பலிக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. உளவியலாளர் ரேமண்ட் மில்டன்பெர்கரின் குழு இதைச் சோதித்தது. நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு எடி ஈகிள் பாடத்தை நடத்திவிட்டு, பிறகு அவர்கள் தனியாக இருக்கும் இடத்தில், சுட முடியாதபடி செய்த துப்பாக்கி ஒன்றை வைத்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் பிள்ளைகள் அழகாகச் சொன்னார்கள். எதிரே துப்பாக்கி இருந்தபோது அதைச் செய்யவில்லை. இன்னொரு முறையில் பயன் தெரிந்தது: குழந்தை தவறிய அந்த நொடியிலேயே பயிற்சியாளர் உள்ளே வந்து, அதே இடத்தில் சரியான செயலை மறுபடி மறுபடி செய்ய வைப்பது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக, நிஜச் சூழலில், பொறுமையாக. முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதை எப்படி நடத்துவது என்பதற்கு மூன்று மாநிலச் சட்டங்களிலும் விடை தேடிப் பயனில்லை.

நம்பிக்கை தரும் முடிவும் ஒன்று உண்டு. 2023-இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் 8 முதல் 12 வயது வரையுள்ள 226 குழந்தைகளை வைத்து ஆய்வு நடத்தியது. பாதிப் பேருக்கு ஒரு வாரம் முன்பே துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி ஒரு நிமிடக் காணொளியைக் காட்டினார்கள். மீதிப் பேருக்குக் கார் பாதுகாப்பு பற்றிய காணொளி. பிறகு விளையாட்டு அறை, இழுப்பறையில் செயலிழக்கச் செய்த துப்பாக்கிகள். துப்பாக்கிக் காணொளியைப் பார்த்தவர்களில் ஏறத்தாழ 34 சதவீதம் பேர் பெரியவரிடம் போய்ச் சொன்னார்கள். மற்றவர்களில் 11 சதவீதம்கூட இல்லை. ஒரு நிமிடக் காணொளிக்கு இது நல்ல பலன்தான். ஆனால் அதைப் பார்த்தும் துப்பாக்கியைத் தொட்டவர்கள் 39 சதவீதம். தடுப்பூசி என்றால் இதை யாரும் போட்டுக்கொள்ளத் தயங்குவார்கள். இலவசப் பாடம் என்பதால் வேண்டாம் என்று சொல்லவும் மனம் வராது.

இந்த விவாதத்தில் வசதியாக மறக்கப்படும் கணக்கு ஒன்று இருக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி மாறியது. வாகன விபத்து இரண்டாம் இடத்துக்குப் போனது. 18, 19 வயதினரைக் குழந்தைகள் என்று சேர்ப்பது சரியா என்று உரிமைத் தரப்பு கேட்பது நியாயம்தான். எப்படிப் பிரித்தாலும் இந்தச் சாவுகளில் பெரும்பங்கு கொலை, அடுத்தது தற்கொலை. குழந்தை இழுப்பறையைத் திறந்து தவறுதலாகச் சுட்டுவிடும் விபத்து, நெஞ்சைப் பதற வைப்பதென்றாலும், மிகச் சிறிய பங்கே. தொடாதே, ஓடிப்போ என்ற பாடம் அந்தச் சிறு பங்குக்கானது. மனமுடைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கழுகின் பாட்டால் பயனில்லை. அவன் கையில் அந்த இரவில் துப்பாக்கி கிடைக்குமா கிடைக்காதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை.

ஆக, பூட்டு. 2021-இல் எடுத்த ஒரு தேசிய ஆய்வின்படி, தோட்டா நிரப்பிப் பூட்டாமல் வைத்த துப்பாக்கி ஒன்றாவது உள்ள வீடுகளில் வாழும் குழந்தைகள் சுமார் 46 லட்சம். எங்கள் வீட்டில் எங்கே இருக்கிறதென்று பிள்ளைக்குத் தெரியாது என்பது பெற்றோர் சொல்லும் வழக்கமான சமாதானம். அலபாமாவில் பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியே கேட்டு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகளுக்கு இடம் நன்றாகவே தெரிந்திருந்தது. பிள்ளை அதைத் தொட்டதே இல்லை என்ற பெற்றோரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலானவர்களின் பேச்சைப் பிள்ளையே பொய்யாக்கியது.

குழந்தைக்கு எட்டும்படி துப்பாக்கியை விட்டுவைக்கும் பெரியவரைத் தண்டிக்கும் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது, துப்பாக்கி உரிமைக்குப் பேர்போன ஃபுளோரிடா. ஆண்டு 1989. இத்தகைய சட்டங்கள் சிறார் தற்கொலையையும் விபத்தையும் குறைக்கின்றன என்பதற்கு, துப்பாக்கிக் கொள்கை ஆய்வுகளைத் தொகுத்துச் சலித்த ராண்ட் நிறுவனம் வலுவான சான்று இருப்பதாகச் சொல்கிறது. இந்தத் துறையில் அப்படிச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே. அதற்கும் காரணம் உண்டு: 1996-இல் நாடாளுமன்றம் சேர்த்த டிக்கி திருத்தத்துக்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் துப்பாக்கிச் சாவு ஆய்வுக்கு மத்திய அரசின் பணம் ஏறக்குறைய வற்றியே கிடந்தது. அதே ஃபுளோரிடா 2011-இல், வீட்டில் துப்பாக்கி உண்டா என்று நோயாளியைக் கேட்கவிடாமல் மருத்துவர்களின் வாயைக் கட்டும் சட்டம் போட்டது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை நீக்கியது. ஒரே மாநிலம், இரு முகம்.

டென்னசிக்கு வருவோம். 2015-இல் அங்கே பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன், நாய்க்குட்டியைக் காட்ட மறுத்த எட்டு வயதுப் பக்கத்து வீட்டுச் சிறுமியைத் தன் தந்தையின் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். அச்சிறுமியின் பெயரில், துப்பாக்கியைக் கவனமின்றி வைக்கும் பெரியவரைப் பொறுப்பாளியாக்கும் மசோதா ஒரு முறைக்கு மேல் வந்தும் நிறைவேறவில்லை. 2023 மார்ச்சில் நாஷ்வில்லின் கவனன்ட் பள்ளியில் ஒன்பது வயதுக் குழந்தைகள் மூவரும் பெரியவர்கள் மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆபத்தானவர்களிடமிருந்து தற்காலிகமாகத் துப்பாக்கியை வாங்கிவைக்க வழி செய்யுமாறு, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் பில் லீயே கேட்டும் சட்டமன்றம் மசியவில்லை. 2024-இல் அதே சட்டமன்றம் இரண்டைச் செய்தது: ஆசிரியர்கள் துப்பாக்கி ஏந்த வழிவிட்டது, குழந்தைகளுக்குத் துப்பாக்கிப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. பெரியவர்மேல் சுமத்த மறுத்த கடமையை ஐந்து வயதுப் பிள்ளைமேல் வைத்திருக்கிறார்கள் என்று இதைப் படித்தால் அது மிகையல்ல.

மிஷிகன் வேறு பாதையில் போனது. 2021 நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் பதினைந்து வயது மாணவன் சக மாணவர்கள் நால்வரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி, சில நாள் முன்பு தந்தை வாங்கித் தந்தது. 2024-இல் தாய்க்கும் தந்தைக்கும் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தலா 10 முதல் 15 ஆண்டுச் சிறை. பள்ளிப் படுகொலைக்காகப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது நாட்டிலேயே முதல் முறை. அதே ஆண்டு பிப்ரவரியில் அம்மாநிலத்தின் பூட்டுச் சட்டமும் அமலுக்கு வந்தது.

மத்தியச் சட்டத்தில் ஒரு வேடிக்கை. 2005-இல் நிறைவேறிய சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்றால் பூட்டையும் சேர்த்துத் தர வேண்டும். வாங்கியவர் அதைப் போட வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சட்டப் போர் தூரத்து விஷயமாகப் படலாம். பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் பிறந்தநாள் விழாவுக்குப் போகும்வரை. குழந்தை மருத்துவர்கள் சங்கம் நெடுநாளாகச் சொல்லிவரும் யோசனை எளிது: நிலக்கடலை ஒவ்வாமையைச் சொல்லிவிட்டு, நாய் கடிக்குமா என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில், உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டுவிடுங்கள் என்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூன் 21, பிள்ளைகள் வீடு வீடாகச் சுற்றும் கோடையின் தொடக்கத்தில், இந்தக் கேள்விக்கென்றே ஒதுக்கிய நாள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பதுதான் பெற்றோர் பலரும் சொல்லும் காரணம். துப்பாக்கி வைத்திருப்பவர்களோ பெரும்பாலும் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சிலர் அழைத்துப்போய்ப் பெட்டகத்தையே காட்டுவார்கள்.