கடல் தள்ளிப்போன ஊரில் டால்பின் கணக்கு

சிங்கப்பூரில், காத்தோங்கின் பழைய பங்களாக்களுக்கு ஒரு காலத்தில் கடலே எல்லை. 1966இல் தொடங்கிய கிழக்குக் கரை நிலமீட்பு சுமார் 1,525 ஹெக்டேர் கடலை நிலமாக்கியது. மரின் பரேட் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பேட்டை முழுக்க அந்த நிலத்தில் எழுந்ததுதான். 2008இல் மரினா அணைக்கட்டு திறந்தபின், காலாங், சிங்கப்பூர் ஆறுகளின் கழிமுகமும் நன்னீர்த் தேக்கமாகிவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் இங்கே டால்பின்கள் உண்டு. செயின்ட் ஜான்ஸ், லாசரஸ் தீவுகளுக்குப் படகில் போகிறவர்கள் எப்போதாவது பார்க்கிறார்கள். இந்தோ-பசிபிக் கூன்முதுகு டால்பினுக்கு ஆழமற்ற கரையோரமும் ஆற்றுமுகமும்தான் பிடித்தவை. குட்டி கருஞ்சாம்பல் நிறம். வயது ஏற ஏற வெளுத்து இளஞ்சிவப்பாகும். அந்தச் சிவப்பு, தோலுக்கடியில் ஓடும் ரத்தம். செந்தோசாவில் 2016 வரை டிக்கெட் எடுத்து இவற்றை ரசித்தவர்களில் எத்தனை பேருக்கு, அதே இனம் வெளியே தன் பாட்டில் நீந்துவது தெரிந்திருக்கும்?

எண்ணுவதற்கு முதுகுத் துடுப்பின் வெட்டும் தழும்பும் போதும். அவை ஆளுக்கு ஆள் வேறு. முதல் சுற்றில் 20 துடுப்புகளைப் படமெடுக்கிறோம் என்று வையுங்கள். அடுத்த சுற்றில் சிக்கும் 20இல் 10, அதாவது பாதி, பழைய முகங்கள் என்றால், முதலில் எடுத்த 20ம் மொத்தத்தில் பாதி; ஆக மொத்தம் 40 இருக்கலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டலக் கடல் அறிவியல் கழகம் பொதுமக்கள் கண்டு சொன்ன செய்திகளையும் திரட்டியிருக்கிறது.

இந்தியாவில் ஆற்று டால்பின்களை எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் படகில் தேடி, 6,327 என்று 2025இல் அறிவித்தார்கள். ஆற்றுக்கு இரண்டு கரை. தேடும் இடம் தெரியும். இங்கோ ஜொகூருக்கும் ரியாவுக்கும் கடப்பிதழ் இல்லாமல் போய்வரக்கூடிய கூட்டம். கலங்கிய நீரில் ஒலியெழுப்பி, எதிரொலி கேட்டே இரை தேடும் அதன் காதுக்குள் ஓயாத கப்பல் இரைச்சல் வேறு. மூன்று நாட்டுப் படங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்காத எந்த எண்ணிக்கையும் அரைக்கணக்குதான்.

இதை இப்போது பேசக் காரணம் லாங் ஐலண்ட். கிழக்குக் கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டேரை மீட்கும் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. உயரும் கடலைத் தடுக்க வேறு வழி சுலபமில்லை என்பது புரிகிறது. ஆனால் மணல் கொட்டுமுன், நீருக்கடியில் ஒலிவாங்கி வைத்து இரு பருவமழைக் காலங்களிலும் பதிவு செய்ய வேண்டும். டால்பினே தென்படாத நாள்களையும், எங்கே, எத்தனை மணி நேரம் தேடினோம் என்பதோடு எழுதிவைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பத்து ஆண்டு கழித்து, இருந்தது குறைந்ததா, ஆரம்பத்திலேயே குறைவாக இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.